கரும்பலகை முக்கோணமும் நாய் உணவு வழக்கும்

அக்டோபர் 4, 2024, வெள்ளி: ஃபிலடெல்ஃபியா

முப்பத்தொரு ஆண்டுகள் பிளஸ் டூ மாணவிகளுக்கு அரசியல் அறிவியல் நடத்தியவள் நான். அமெரிக்க அரசமைப்பு என்றதும் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். உச்சியில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், இடது மூலையில் அதிபர், வலது மூலையில் உச்ச நீதிமன்றம், நடுவே அம்புக்குறிகள். காங்கிரஸ் போட்ட சட்டத்தை அதிபர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அந்த மறுப்பை காங்கிரஸ் தள்ளிவிடலாம். அதிபர் நியமிக்கும் நீதிபதிக்கு காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். நிச்சயம் வரும் பத்து மதிப்பெண் கேள்வி என்று அடிக்கோடும் போடுவேன்.

ஓய்வு பெற்று நான்காண்டு ஆகிறது. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்தேன். விசாவில் பாதி நாள் பேரனுக்கு இட்லி ஊட்டுவதில் போய்விட்டது. மீதியில் ஐந்து நாளை எனக்கென்று கேட்டு வாங்கினேன். துணைக்கு வருகிறேன் என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்றேன். வந்தால் அவருக்கும் பாடம் நடத்திவிடுவேன் என்ற பயம் எனக்கு.

இண்டிபெண்டன்ஸ் ஹால் நுழைவு இலவசம். நேரத்தை முன்பதிவு செய்யத்தான் ஒரு டாலர். அகலத் தொப்பி வைத்த பூங்காக் காவலர் எங்கள் முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அரசமைப்பை எழுதிய அறை, பச்சைத் துணி விரித்த சிறு மேசைகளும் நாற்காலிகளுமாக, எங்கள் பள்ளி ஆய்வுக்கூடம் அளவுக்குத்தான் இருக்கிறது. 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை மாநிலங்களின் பிரதிநிதிகள் இங்கே உட்கார்ந்தார்கள். 55 பேர் வந்துபோனார்கள், 39 பேர் கையெழுத்திட்டார்கள். ரோட் தீவு மாநிலம் ஆளே அனுப்பவில்லை. பேச்சு வெளியே போகக் கூடாது என்று கோடையிலும் ஜன்னலை அடைத்து, வாசலில் காவல் போட்டிருந்தார்கள். பிரதிநிதிகளில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் எழுதிவைத்த குறிப்புகள் 1840இல்தான் அச்சாயின. அதற்குள் அவர் இறந்தே நான்காண்டு ஆகியிருந்தது.

இவர்களை அனுப்பியது மாநிலங்களுக்கு இடையே இருந்த பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்தைத் திருத்துவதற்குத்தான். அந்த ஒப்பந்தத்தில் மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம்கூடக் கிடையாது. வெள்ளையடிக்கக் கூப்பிட்ட மேஸ்திரிகள் வீட்டையே இடித்துக் கட்டியது போல, புதிதாக ஒன்றை எழுதிவிட்டு எழுந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டனின் நாற்காலி முதுகில் செதுக்கிய அரைச் சூரியனைக் காட்டி, அது உதிக்கிறதா மறைகிறதா என்று பிராங்க்ளின் யோசித்த கதையைக் காவலர் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாததும் ஒன்று உண்டு. ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனையில் கூரையில்லாத ஒரு வீடு நிற்கிறது. தலைநகரம் இந்த ஊரில் இருந்த காலத்தில் அதிபர் வாஷிங்டன் குடியிருந்த இடம். அவர் வீட்டில் அடிமைகளாக இருந்த ஒன்பது பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் 1780 சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவரும் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் இங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை எல்லை தாண்டி அனுப்பிவைத்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796இல், குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் வாசல் வழியாக வெளியேறிப் போனார். கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த அறையில் எழுதிய அரசமைப்பில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ‘ஏனைய நபர்கள்’ என்று நாசூக்காக எழுதி, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற கணக்குக்காக ஐந்தில் மூன்று பங்காக அவர்களை எண்ணிக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. நானும் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

பசித்தது. ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 1893இல் திறந்த பெரிய அங்காடி. இறைச்சி வாசனைக்கு நடுவே ஆமிஷ் என்ற பழமை மாறாத கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் நடத்தும் கடையில் வெண்ணெய் சொட்டும் முறுக்குரொட்டி கிடைத்தது, நான்கு டாலர். நம் முறுக்கைப் பெரிதாக்கி, மென்மையாக்கி, உப்பைத் தூவினால் அதுதான். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி அணிந்த சிறுமி சில்லறையை எண்ணித் தந்தாள். பதினைந்து வயது இருக்கலாம். வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம்? நாக்கு நுனிவரை வந்த கேள்வியை முறுக்கோடு விழுங்கினேன். பதில் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஆமிஷ் பெற்றோருக்கு விஸ்கான்சின் மாநிலம் ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் மதச் சுதந்திரத்தின் பேரில் பெற்றோர் வென்றார்கள். தேர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எத்தனையோ பெண்களின் வீட்டுப் படியேறிக் கெஞ்சியவள் நான். அந்தத் தீர்ப்பு சரி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 5, சனி: நடைபாதையும் வாஷிங்டனும்

பஸ் இரண்டரை மணி நேரம் தாமதம். நிலையம் என்று ஒன்று கிடையாது, நடைபாதைதான். நிழல் இல்லை, பெஞ்ச் இல்லை, கழிவறை இல்லை. கைபேசிக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மன்னிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

பலகையும் பேனாவுமாக ஒரு பையன் வரிசை நெடுக நடந்தான். வாக்காளராகப் பதிந்துவிட்டீர்களா என்று கேட்டான். நான் இந்தியக் குடிமகள் என்றேன். நன்றி சொல்லி நகர்ந்தவன், அரை மணி கழித்து மறந்துபோய் மறுபடி கேட்டான். மூன்றாம் முறை வந்தபோது இருவரும் சிரித்துவிட்டோம். எந்த ஊர் என்று நான் கேட்டேன். நியூயார்க்காம்.

“உங்கள் ஊரில் வாக்காளர்களே இல்லையா?”

“இருக்கிறார்கள். ஆனால் அங்கே யார் ஜெயிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே தெரியாது. அதனால் வார இறுதியில் பஸ் ஏறி வருகிறேன்.”

மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவை நான் மூன்று பாடவேளை எடுப்பேன். மொத்தம் 538, வெற்றிக்கு 270, பென்சில்வேனியாவுக்கு 19, அதிக வாக்கு பெற்றவருக்கே அந்தப் பத்தொன்பதும். இவன் மூன்று வரியில் முடித்துவிட்டான். நேற்றிரவு விடுதித் தொலைக்காட்சியில் செய்தியை விடத் தேர்தல் விளம்பரம் அதிகமாக ஓடியதன் காரணமும் விளங்கியது.

தலைநகர் வாஷிங்டன் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. விடுதிக்குப் பக்கத்தில் எத்தியோப்பிய உணவகம். இன்ஜெரா என்று ஒரு பெரிய தட்டு நிறைய விரித்த புளித்த மாவுப் பண்டம், மேலே பருப்பு, கீரை, கடலைமாவுக் குழம்பு. அகலமான ஆப்பம் போல இருந்தது, கையால்தான் சாப்பிட வேண்டும். இரண்டு நாளாக முள்கரண்டியோடு மல்லுக்கட்டிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு டாலர், இனாம் தனி.

பரிமாறியவர் பதினைந்து ஆண்டுக்கு முன் இங்கே வந்து குடியுரிமை பெற்றவர். நான் ஆசிரியை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குடியுரிமைத் தேர்வுக்கு அப்போது நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. அதில் பத்து கேட்டார்கள், ஆறுக்குச் சரியான பதில் சொன்னால் போதுமாக இருந்தது. எனக்குத் தேர்வு வைத்தார். “அரசின் ஒரு பிரிவு அளவுக்கு மீறிப் பலம் பெறாமல் தடுப்பது எது?” முக்கோணம் போட்ட கை, பிரிவுகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு என்று மளமளவென்று பதில் சொன்னேன். அரசமைப்புத் திருத்தங்கள் எத்தனை? 27. சரி.

“உங்கள் மாநில செனட்டர் ஒருவர் பெயர்?”

“எனக்கு ஏது மாநிலம்? உங்களுக்கு யார்?”

“எனக்கும் யாரும் இல்லை. ‘இந்த ஊருக்கு செனட்டர் கிடையாது’ என்பதுதான் சரியான பதில். சொன்னேன், மதிப்பெண் போட்டார்கள்.” ஜன்னலுக்கு வெளியே நின்ற காரின் எண் பலகையைக் காட்டினார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி விதிப்பதை முடிவுக்குக் கொண்டுவா என்று அதில் எழுதியிருந்தது. அரசாங்கமே வழங்கும் எண் பலகை!

மூன்றரை கோடிக்கு மேல் மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர். சிறிய மாநிலங்கள் எழுந்து போய்விடும் என்ற பயத்தில் 1787 ஜூலையில் செய்துகொண்ட சமரசம் அது. வயோமிங்கை விட மக்கள் அதிகமுள்ள இந்த ஊர் மாநிலம் அல்ல என்பதால் ஒருவரும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர் உண்டு, சட்டங்கள் மீது வாக்களிக்க முடியாது. அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1961இல் 23ஆம் திருத்தம் வந்த பிறகுதான் கிடைத்தது. “வரிக்கு மட்டும் எங்களை மறப்பதில்லை” என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே இன்னொரு இன்ஜெராவைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு: தேசிய ஆவணக் காப்பகம்

கூட்டம். உள்ளே வட்ட மண்டபத்தில் கோயில் கருவறை வெளிச்சம். அரசமைப்பின் மூலத் தாள்களில் மை மங்கிவிடும் என்று விளக்கை அடக்கி வைத்திருக்கிறார்கள், படம் எடுக்கவும் தடை. எல்லோரும் பழக்கதோஷத்தில் வரிசை கட்ட, “வரிசை வேண்டாம், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள்” என்று காவலர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். நான்காம் பக்கத்தின் முன் ஆளே இல்லை.

முதல் பக்கத்தில் ‘மக்களாகிய நாம்’ பெரிய எழுத்தில் இருப்பதால் அங்கேதான் நெரிசல். கடைசிப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. மொத்தமே நான்கு தாள், ஏழு பிரிவுகள். எழுதிக்கொடுத்தவர் ஜேக்கப் ஷாலஸ் என்ற குமாஸ்தா, கூலி முப்பது டாலர். அடித்ததையும் இடையில் செருகியதையும் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இந்தச் சொல் நடுவில் சேர்க்கப்பட்டது என்று. முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் பென்சில்வேனியா என்ற பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. அந்தக் காலத்தில் அப்படியும் எழுதுவது உண்டு. இருந்தாலும் கை சிவப்பு மையைத் தேடியது.

மதிப்பெண் என்றதும் கிரகரி வாட்சன் நினைவுக்கு வந்தார். 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால், இடையில் ஒரு தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789இல் முன்மொழிந்த திருத்தம் ஒன்று பாதியில் கிடந்தது. காலக்கெடு எதுவும் இல்லாததால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். சி மதிப்பெண் போட்டார்கள். மனிதர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதி, நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்றுக்கொள்ள, 1992இல் அது 27ஆம் திருத்தமாகவே ஆகிவிட்டது. 2017இல் பல்கலைக்கழகம் அவர் மதிப்பெண்ணை ஏ என்று திருத்தியது. இதை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. மாணவிகள் தங்கள் பழைய விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

வெளியே வண்டிக் கடையில் தண்ணீர் பாட்டில் மூன்று டாலர். பேரம் பேசினேன். சிரித்தான், குறைக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்: உச்ச நீதிமன்றம்

அக்டோபர் முதல் திங்களில் நீதிமன்றத்தின் ஆண்டு தொடங்கும். அதற்காகவே நாள் பார்த்து வந்தேன். விடிவதற்கு முன் நாலே முக்கால் மணிக்குப் போனால், நடைபாதையில் எனக்கு முன்னே போர்வையும் தலையணையுமாக ஒரு கூட்டம். புடவைமேல் மகளின் குளிர்ச்சட்டை, அதன்மேல் சால்வை, அப்படியும் பல் கிட்டியது. எனக்கு முன்னால் நின்ற வெள்ளை முடி அம்மாள் தன் மடக்கு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். அரை மணிக்கு ஒரு முறை மாறி மாறி உட்கார்ந்தோம். மிசூரி மாநில நீதிமன்றத்தில் நாற்பது ஆண்டு சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பையில் உள்ளங்கை அளவு அரசமைப்புப் புத்தகம், விளிம்பெல்லாம் மஞ்சள். பாட்டியின் கந்தர் சஷ்டி கவசப் புத்தகம் அப்படித்தான் இருக்கும்.

காவலர்கள் வந்து தலையை எண்ணினார்கள். எங்களுக்கு ஏழு பேர் முன்னால் எண்ணிக்கை முடிந்தது. ஐந்து மணி நேரம் கால் கடுத்தது மிச்சம்.

“வாருங்கள், காதுக்கு டிக்கெட் வேண்டாம்” என்றார் அந்த அம்மாள். எதிரே காங்கிரஸ் கட்டடமான கேபிடல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆனால் வாதங்களின் ஒலியைப் பெருந்தொற்றுக் காலத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். அவருடைய கைபேசி, ஆளுக்கு ஒரு காதொலிப்பான். சாலைக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கிரிக்கெட் வர்ணனை போலக் கேட்டோம்.

கருக்கலைப்போ துப்பாக்கியோ அல்ல, அன்றைய வழக்குகளில் ஒன்று நாய் உணவு. மிசூரியில் ஒரு பெண் தன் நாய்க்கு மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தருவார்கள் என்ற விலையுயர்ந்த தீனியை வாங்கினார். அதில் மருந்தே இல்லை, சீட்டு என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்று மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மனுவில் மத்தியச் சட்டத்தையும் குறிப்பிட்டிருந்ததால், தீனி நிறுவனம் வழக்கை மத்திய அரசின் கூட்டரசு நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டு போனது. அவர் மனுவைத் திருத்தி, மத்தியச் சட்டம் பற்றிய வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, திருப்பி அனுப்புங்கள் என்றார். அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி.

நம் நாட்டில் முன்சீப் கோர்ட் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே படிக்கட்டு. இங்கே இரண்டு: மாநிலத்துக்கு ஒன்று, கூட்டரசுக்கு ஒன்று. கூட்டரசு நீதிமன்றம் எல்லா வழக்கையும் எடுத்துவிட முடியாது. அரசமைப்பின் மூன்றாம் பிரிவும் காங்கிரஸின் சட்டமும் விட்ட வாசல்கள் வழியாகத்தான் வழக்கு உள்ளே போக வேண்டும். ‘கூட்டாட்சி’ என்று எழுதச் சொல்லி நான் வகுப்பில் கடந்துபோனது, நாய்த் தீனி மூட்டை வடிவில் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. வழக்கறிஞருக்கு இரண்டு நிமிடம்தான் தடையில்லாப் பேச்சு, பிறகு கேள்விமேல் கேள்வி. குரலை வைத்தே இவர் இன்னார் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் விரல்கள் தொடைமேல் தானாகச் சுருக்கெழுத்து அடித்துக்கொண்டிருந்தன.

“மாநில நீதிமன்றத்துக்கே திரும்பும். பாருங்கள்” என்றார்.

நிறுவனம்தான் ஜெயிக்கும் என்றேன். பெரிய இடத்துக்குப் போன வழக்கு சிறிய இடத்துக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. ஒரு காப்பி பந்தயம் கட்டினோம்.

பிற்பகலில் கட்டடத்துக்குள் விட்டார்கள். நீதிமன்றக் கூடத்துக்கு மேல் மாடியில் ஊழியர்களுக்கான கூடைப்பந்துத் திடல் இருக்கிறதாம். நாட்டின் மிக உயர்ந்த கோர்ட் அதுதான் என்று சிரித்தார்கள். என் நினைவு வேறு பக்கம் போயிற்று. நம் அரசமைப்பின் வரைவோடு 1947இல் நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா வந்தபோது, இங்கே நீதிபதியாக இருந்த ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். ‘உரிய சட்ட நெறி’ (due process) என்ற அமெரிக்கச் சொல்லை எடுத்துக்கொண்டால் நீதிபதிகள் கைக்கு அதிகாரம் கூடிவிடும் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் எச்சரிக்கை. கடைசியில், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் நம் 21ஆம் பிரிவில் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்றுதான் இருந்தது. 1950இல் சென்னை மாநிலம் விசாரணையின்றி அடைத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில் அந்தச் சொல்தான் அவரைக் கைவிட்டது. 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நம் நீதிபதிகள் வேறு வழியில் சுற்றி வந்து சேர்ந்தார்கள். என் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்: கேபிடல்

மகள் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில் விடுதி மைக்ரோவேவ் உபயத்தில் புளியோதரை கிளறி எடுத்துப் போனேன். சோதனையில் நிறுத்திவிட்டார்கள். உணவு, தண்ணீர், எதுவும் உள்ளே கூடாது. “எறிய மனமில்லையென்றால் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அவசரமில்லை” என்றார் காவலர். காலை ஒன்பது மணிக்கு இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே மூச்சில் தின்றேன். ஓர் அணில் வேர்க்கடலைக்காகக் கடைசிவரை காத்திருந்தது.

தேர்தலுக்காக உறுப்பினர்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள், சபை காலி. மாநிலத்துக்கு இரண்டு என்று கொடுத்தனுப்பிய சிலைகளுக்கு நடுவே, வயிறு கனக்க, கால் வலிக்க நடந்தேன். கீழ்த்தளத்தில் பழைய உச்ச நீதிமன்ற அறை. சொந்தக் கட்டடம் 1935இல்தான் வந்தது. அதுவரை நீதிபதிகள் காங்கிரஸ் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்.

அங்கே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மார்பரி வழக்கை நினைத்துக்கொண்டேன். 1801 மார்ச். பதவி முடியும் கடைசி நேரத்தில் அதிபர் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களுக்கு நீதிபதிப் பதவிகளை வாரி வழங்குகிறார். நியமனத் தாள்களுக்கு முத்திரை குத்தியவர் வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல். சில தாள்கள் பட்டுவாடா ஆகாமல் மேசையிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்து வந்த ஜெஃபர்சன், கொடுக்காதே என்கிறார். கிடைக்காதவர்களில் ஒருவரான வில்லியம் மார்பரி நேராக உச்ச நீதிமன்றம் போகிறார். அங்கே தலைமை நீதிபதி யார்? அதே ஜான் மார்ஷல். தாளை அனுப்பத் தவறியவரே தாள் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்! 1803 பிப்ரவரி 24 தீர்ப்பு: மார்பரிக்குப் பதவி உரியதுதான். ஆனால் நேராக இங்கே வர வழிவிட்ட சட்டம் அரசமைப்புக்கு முரண், ஆகவே செல்லாது. மார்பரி வெறுங்கையோடு போனார். சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்திடம் தங்கிவிட்டது.

இதையும் நான் நடத்தியிருக்கிறேன். ஆனால் 1801இல் ஒரு மாதம் போல மார்ஷல் வெளியுறவுச் செயலராகவும் தலைமை நீதிபதியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். முக்கோணத்தின் இரண்டு மூலையில் ஒரே ஆள். அதை எந்த அம்புக்குறியால் காட்டுவது? யாராவது ஒரு மாணவி கேட்டிருந்தால், ‘தேர்வுக்கு வராது, உட்கார்’ என்றிருப்பேன்.

திரும்பும் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது. நான்தான் தாமதம். ஓட்டுநர் நின்றார்.

ஜனவரி 15, 2025: ஒரு சேர்க்கை

நாய் உணவு வழக்கில் இன்று தீர்ப்பு. நீதிபதி எலினா கேகன் எழுத, ஒன்பது பேரும் ஒரே குரல்: வழக்கு மாநில நீதிமன்றத்துக்கே திரும்ப வேண்டும். நான் ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு காப்பி பாக்கி நிற்கிறது.